மகஜரும் முன்கூடப் பேச்சும்



கல்முனைக் கரையில் வாழ்வோருக்கு மகஜர் என்னும் சொல் புதியதன்று. தோணித் துறைக்கு வீதி வேண்டுமாயினும், வாய்க்காலில் தண்ணீர் வராது போயினும், வைத்தியசாலைக்கு வைத்தியர் போதாதாயினும் ஊரார் ஒன்றுகூடி மகஜர் எழுதுவர். ஒருவர் எழுத, இன்னொருவர் திருத்த, பள்ளிவாசல் நம்பிக்கையாளரும் மீனவர் சங்கத்தாரும் விவசாய அமைப்பினரும் கையொப்பமிட, அது பிரதேச செயலகத்துக்கோ கச்சேரிக்கோ கொண்டு செல்லப்படும். கையளிக்கும் வேளையிற் படம் பிடித்துப் பத்திரிகைக்கும் அனுப்பி வைப்பர். மகஜரிற் கேட்கப்பட்டது நியாயமாக இருக்கலாம், இல்லாதும் இருக்கலாம். ஆனால் கேட்டவர் யார், கேட்டது யாது, கேட்கப்பட்டவர் எவர் என்னும் மூன்றும் ஊரறிந்த செய்திகளாகும். அதனை ஏற்காதவர் மறுநாளே எதிர் மகஜர் எழுதலாம். நம் ஊர்களில் எதிர் மகஜருக்கும் பஞ்சமில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அரசினரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு வேறொரு வழியும் உண்டு. அதிலே கையொப்பம் இராது, படம் இராது, பத்திரிகைச் செய்தியும் இராது. பாராளுமன்ற அவைக்கு வெளியேயுள்ள கூடத்தை ஆங்கிலத்தில் 'லொபி' என்பர். உறுப்பினரைக் காண வந்தோர் அக்கூடத்திற் காத்திருந்து, அவர் வெளியே வந்ததும் தம் காரியத்தை அவர் காதிலே போட்டு வைப்பர். நாளடைவில் இடத்தின் பெயர் தொழிலுக்கு ஆகிவிட்டது. சட்டம் இயற்றுவோரையும் அமைச்சரையும் அதிகாரிகளையும் தம் பக்கம் திருப்பும் முயற்சிகள் அனைத்தையும் இன்று அச்சொல்லாலேயே சுட்டுகின்றனர். இவ்வுரையில் அதனை முன்கூடப் பேச்சு என்று வழங்குகின்றேன். இதனினும் நல்ல சொல்லை அறிந்தோர் எழுதியனுப்பினால் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன்.

முன்கூடப் பேச்சு தன்னளவிற் குற்றமன்று என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கும் கம்பனி, ஒரு வரியால் தனக்கு வரக்கூடிய இடரை அமைச்சரிடம் எடுத்துரைத்தல் அதன் உரிமையே. தொழிலறிந்தவர் சொல்லைக் கேளாது இயற்றப்படும் சட்டம் என்ன பாடுபடுத்தும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே நாளில் தடுக்கப்பட்டபொழுது அம்பாறை வயல்களில் நிகழ்ந்ததை நம் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகையால், பேசுவது கூடாது என்பது என் கருத்தன்று. பேச்சு மகஜரைப் போல இருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

இனி, இந்தப் பேச்சுக்கும் கடற்கரைக்கும் உள்ள தொடர்பைக் காண்போம்.

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே பொத்துவில் வரையிலும் நம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கின்றன. வீடுகளோ நெருக்கமானவை, நிலமோ தாழ்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டு போயிற்று. அந்த ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் எழுந்தது. காலநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும், கடல் சில அடி உயர்ந்தால் எங்கெங்கே புகும் என்பதை அந்நாள் நமக்குக் காட்டிச் சென்றது.

இப்பொழுது கடல் மெல்ல உயர்ந்து வருகின்றது. 1993ஆம் ஆண்டளவில் உலகக் கடல் மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் உயர்ந்தது. இன்று அவ்வேகம் 4 மில்லிமீற்றருக்கும் மேலாகும். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் காபனீரொட்சைட்டு வாயு, வெப்பத்தை வெளியே போகவிடாது பிடித்து வைக்கின்றது; சூடேறிய கடல்நீர் விரிகின்றது; துருவத்துப் பனி உருகி அதனோடு சேர்கின்றது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது தாங்கக்கூடிய ஈரம் நூற்றுக்கு 7 பங்களவு கூடும். ஆகவே பெய்யும் மழை பெருமழையாகின்றது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, மாவடிப்பள்ளியில் வெள்ளம் கடந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய சிறார் பலியான செய்தியை நான் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வெள்ளத்துக்கு இன்ன கம்பனியே பொறுப்பென்று கூறல் அறிவியலாகாது. பெருமழைகள் பெருகுவதற்குக் காரணம் யாதென்பதை மாத்திரம் அறிவியல் தயக்கமின்றிக் கூறுகின்றது.

ஒலுவிற் கடலரிப்பையும் சிலர் காலநிலையின் தலையிலே சுமத்திவிடுகின்றனர். அது சரியன்று. 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் கல்லணைகள் கரையோர மணலின் இயல்பான ஓட்டத்தை மறித்தன. ஒரு புறம் மணல் குவிந்து துறைமுக வாயிலையே அடைக்க, மறு புறம் கரை கரைந்து தென்னையும் காணியும் கடலிற் போயின. இது மனிதர் கட்டிய கல்லின் விளைவு. ஆனால் ஒன்றை அது கற்பித்தது. எங்கோ ஓர் அறையில் இருந்தவர் எடுத்த முடிவு, அவ்வறையை ஒருநாளும் பார்த்திராத மீனவனின் வாடியை அள்ளிக்கொண்டு போகும்.

இதே காரியம் உலக அளவில் நடைபெற்றதை இனிக் கூறுகின்றேன்.

அமெரிக்காவிலே எக்ஸான் என்றோர் எண்ணெய்க் கம்பனி உண்டு. 1999இல் மொபில் கம்பனியோடு சேர்ந்து எக்ஸான்மொபில் ஆயிற்று. 1977ஆம் ஆண்டு அதன் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் என்பவர், எரிபொருள் எரிப்பதால் உலகம் வெப்பமடையும் என்று கம்பனியின் உயர் நிருவாகிகளுக்கு எடுத்துரைத்தார். 1982இல் கம்பனிக்குள்ளேயே ஒரு வரைபடம் தயாரிக்கப்பட்டது. ஏறத்தாழ 2020ஆம் ஆண்டளவிற் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு 415 பங்கு என்னும் அளவை எட்டும் என்று அது காட்டிற்று. 2019ஆம் ஆண்டு மே மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வு நிலையம் 415ஐ அளந்தது. சோதிடரும் பொறாமைப்படும் துல்லியம் இது. 1977க்கும் 2003க்கும் இடையே அக்கம்பனியின் விஞ்ஞானிகள் செய்த வெப்பக் கணிப்புகளை ஹாவார்ட், பொட்ஸ்டாம் ஆய்வாளர் ஒப்புநோக்கி, அவற்றுள் நூற்றுக்கு 63 முதல் 83 வரையானவை சரியாகவே அமைந்தன என்று 2023இல் வெளியிட்டனர்.

வீட்டினுள்ளே இவ்வளவு தெளிவு இருந்தது. வீதியிலே நிகழ்ந்தது வேறு. 1989இல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார், மின்சாரக் கம்பனிகளும் அவற்றின் சங்கங்களும் கூடி 'உலகக் காலநிலைக் கூட்டணி' என்ற அமைப்பைத் தோற்றுவித்தன. பெயரைக் கேட்டோர் காலநிலையைக் காக்க எழுந்த கூட்டம் என்றே எண்ணியிருப்பர். அதன் வேலையோ, வெப்பமடைதல் உறுதிப்படாத செய்தி என்று பேசுவதும், எரிபொருளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகளை எதிர்ப்பதுமாக இருந்தது. 1995இல் அக்கூட்டணியின் விஞ்ஞான ஆலோசகரே, மனிதர் வெளிவிடும் வாயுக்கள் காலநிலையைப் பாதிக்கக்கூடும் என்பதன் அடிப்படை மறுக்கவொண்ணாதது என்று உட்குறிப்பில் எழுதி வைத்தனர். அது வெளியே தெரியவந்தது 2009இலேதான்.

1997 ஜூலையில் அமெரிக்க செனற் சபை, வளர்ந்துவரும் நாடுகளும் அதே காலத்துக் கட்டுப்பாட்டை ஏற்காத உடன்படிக்கை எதனையும் அமெரிக்கா ஏற்கலாகாது என்று 95 வாக்குகளால், ஓர் எதிர்வாக்கேனும் இன்றித் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரில் கியோட்டோ உடன்படிக்கை எழுதப்பட்டது. 2001இல் அமெரிக்கா அதிலிருந்து விலகிற்று. அவ்விலகலில் கூட்டணியின் கருத்துகளுக்கும் பங்குண்டு என்பது அமெரிக்க வெளிநாட்டமைச்சின் உட்குறிப்புகள் வெளிவந்தபின் புலனாயிற்று. காரியம் முடிந்தமையால் 2002இல் கூட்டணியும் கலைந்தது. அதற்கு முன்னரே பிபி, ஷெல், ஃபோர்ட் முதலிய கம்பனிகள் பெயர் கெடுமென்று அஞ்சி ஒவ்வொன்றாக வெளியேறிவிட்டன.

எக்ஸான்மொபில் தான் எவரையும் ஏமாற்றவில்லை என்று சொல்லி வந்திருக்கின்றது; அதனையும் உங்களுக்கு அறிவித்தல் என் கடன். என் கேள்வி அக்கம்பனியின் பங்குதாரரைப் பற்றியது. தம் கம்பனியின் பணத்திலே ஒரு பகுதி தாம் பெயரே அறியாத ஒரு கூட்டணிக்குச் செல்கின்றது, அக்கூட்டணி தம் பெயரால் இன்னதைப் பேசுகின்றது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

இங்கேதான் கம்பனி ஆளுகை என்னும் பொருள் வருகின்றது. பெயர் பெரிதாயினும் செய்தி எளிது. நம் கரையூர்ப் பள்ளிவாசல்களிற் குடி குடியாக மரைக்காயர் இருப்பதும், நம்பிக்கையாளர் சபை கணக்கு வைப்பதும் நெடுங்கால வழக்கம். ஓர் உதாரணத்துக்காக இப்படி வைத்துக்கொள்வோம். நம்பிக்கையாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை ஜமாஅத்தார் முன்னிலையில், பள்ளிக்காணியை ஒருபோதும் விற்கமாட்டோம் என்கிறார். திங்கட்கிழமை, பள்ளிப் பணத்திலே சந்தாக் கட்டிச் சேர்ந்த ஒரு சங்கத்தின் மூலமாக, அக்காணியை விற்க அனுமதி கேட்கிறார். காணி விற்பது நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. ஜமாஅத்தார் முதலிற் கேட்பது, எங்கள் பணத்தால் எங்களுக்குத் தெரியாமற் பேசியது ஏன் என்பதே. பிறர் பொருளைக் கையிலே வைத்திருப்பவன் அமானிதம் சுமந்தவன். கம்பனிப் பணிப்பாளர் சபையும் அத்தகையதே. பங்குதாரர் பொருள் அதன் கையிலே அமானிதமாக இருக்கின்றது.

கம்பனிகள் தாமே பேசுவதைவிடச் சங்கங்கள் வாயிலாகப் பேசுவதே மிகுதி. அதற்குக் காரணமுண்டு. பத்துக் கம்பனிகள் சேர்ந்த சங்கம் பேசினால் பழி பத்தாகப் பிரியும். யார் மீதும் முழுதாக விழாது. கம்பனியின் தலைவர் மேடையேறிப் பூமியைக் காப்போம் என்பார். அவர் சந்தாக் கட்டும் சங்கத்தின் செயலாளர் அதே வாரத்தில் அமைச்சைச் சென்று, சட்டத்தைப் பத்தாண்டு பின்போடுங்கள் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை என்றே வாதிடலாம். இரண்டு வாய், ஒரே பணப்பை.

சில வேளைகளில் இரண்டாவது வாயும் தேவைப்படுவதில்லை. எக்ஸான்மொபில் கரி வரியை ஆதரிப்பதாகப் பல ஆண்டுகள் சொல்லி வந்தது. 2021ஆம் ஆண்டில், அதன் மூத்த முன்கூடப் பேச்சாளர் ஒருவர், தம்மிடம் பேசுபவர் வேலைக்கு ஆள் தேடும் முகவர் என்று நம்பிச் சில உண்மைகளைச் சொல்லிவிட்டார். பேசியவரோ பசுமை அமைதி இயக்கமாகிய கிறீன்பீஸைச் சேர்ந்தவர். கரி வரி ஒருபோதும் வரப்போவதில்லை, ஆகையால் அதை ஆதரிப்பதாகச் சொல்வது நல்லதொரு பேச்சுப் பொருள் என்பது அவர் சொன்னதன் சாரம். அது கம்பனியின் நிலைப்பாடன்று என்று தலைவர் டரன் வூட்ஸ் உடனே மறுத்து வருத்தமும் தெரிவித்தார். ஒளித்து நின்று ஒளிப்பதிவு செய்தல் நல்ல முறைதானா என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆயினும், ஒளிவின்றிப் பேசும் கடமை சட்டத்திலே இருந்திருப்பின், ஒளிந்து நின்று பிடிக்க வேண்டிய தேவையும் எழுந்திராதன்றோ?

இந்நிலையை மாற்றியவர் எவர்? அமைச்சருமல்லர், நீதிபதிகளுமல்லர். ஓய்வூதிய நிதிகளைப் பராமரிப்போர் முதலில் எழுந்தனர் என்பது எனக்கு வியப்பையும் மகிழ்ச்சியையும் தந்த செய்தி. இங்கிலாந்துத் திருச்சபையின் குருமாருக்கும் ஊழியருக்குமுரிய ஓய்வூதிய நிதியும், ஏ.பி.7 எனப்படும் சுவீடன் நாட்டுப் பொது ஓய்வூதிய நிதியும் கூடி, 2018இல் ஐரோப்பாவின் பெருங்கம்பனிகள் ஐம்பத்தைந்துக்குக் கடிதம் எழுதின. நீங்கள் எந்தெந்தச் சங்கங்களில் அங்கத்தவர்? அச்சங்கங்கள் காலநிலைச் சட்டங்களைக் குறித்து என்ன பேசுகின்றன? நீங்கள் வெளியிற் சொல்வதும் அவை உள்ளே சொல்வதும் ஒத்துள்ளனவா? ஒவ்வாவிடின் என்ன செய்யப் போகின்றீர்கள்? கேள்விகள் ஏறக்குறைய இவ்வளவே. நீண்ட காலத்துக்குப் பின்னர் ஓய்வூதியம் கொடுக்க வேண்டிய நிதி, நீண்ட காலத்தைப் பற்றிக் கவலைப்படுதல் இயல்பே.

கேள்விக்குப் பயனிருந்தது. ஷெல் கம்பனி 2019 ஏப்பிரலில், தான் சேர்ந்திருந்த 19 சங்கங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு, அமெரிக்க எரிபொருட் சுத்திகரிப்பாளர் சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. பிரான்சின் டோட்டல் 2021 ஜனவரியில் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தை விட்டு நீங்கியது. அவுஸ்திரேலியாவில், பங்குதாரர் கொண்டுவந்த தீர்மானத்தையடுத்து, பி.எச்.பி. என்னும் சுரங்கக் கம்பனி 2017இலேயே இத்தகைய அறிக்கையை வெளியிட்டு, அடுத்த ஆண்டு உலக நிலக்கரிச் சங்கத்திலிருந்து வெளியேறியது. உள்நாட்டுக் கனிமச் சங்கத்திலோ தொடர்ந்திருந்தது. 2022 மார்ச்சில் இக்கேள்விகள் 14 அளவுகோல்களாகத் தொகுக்கப்பட்டன. பணிப்பாளர் சபையிலுள்ள ஒருவர் பெயர் குறித்து இதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும், ஆண்டுதோறும் மீளாய்வு வெளியிடல் வேண்டும் என்பன அவற்றின் சாரமாகும்.

எக்ஸான்மொபிலுக்கும் அந்நாள் வந்தது. 2021 மே மாதப் பொதுக்கூட்டத்தில், கம்பனியின் முன்கூடப் பேச்சு உலக வெப்பத்தைத் தடுக்கும் பாரிஸ் உடன்படிக்கைக்கு ஒத்ததா என்று அறிக்கை தருமாறு கோரிய தீர்மானத்துக்குப் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அதே கூட்டத்தில், கம்பனியின் பங்குகளில் நூற்றுக்கு 0.02 மாத்திரமே கையில் வைத்திருந்த ஒரு சிறு முதலீட்டு நிறுவனம், பெரிய ஓய்வூதிய நிதிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, நிருவாகம் விரும்பாத மூவரைப் பணிப்பாளர் ஆக்கியது. சிறிய கையெழுத்தாயினும் பெரிய மகஜர். ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. 2024 ஜனவரியில், காலநிலை குறித்துத் தீர்மானம் கொண்டுவந்த இரு சிறு முதலீட்டு அமைப்புகள் மீது அக்கம்பனி வழக்குத் தொடுத்தது. அவை தீர்மானத்தை மீளப் பெற்ற பின்னரும் வழக்கை நடத்தியது; ஜூன் மாதத்திலேதான் நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. கேட்பவர் கேட்கத் தொடங்கினால், கேள்விக்கே வரி விதிக்கப் பார்ப்போரும் உளர்.

அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்கூடப் பேச்சாளர் பதிவு செய்து செலவைக் காட்டுதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பதிவேடு உண்டு. அண்டை நாடாகிய இந்தியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லாவிடினும், பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் செபி ஒரு நல்ல காரியம் செய்திருக்கின்றது. 2022-23ஆம் நிதியாண்டு முதல், சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் கம்பனிகள் ஆண்டறிக்கையோடு பொறுப்புடைமை அறிக்கையும் தருதல் கட்டாயமாயிற்று. அதன் ஏழாவது நெறி, அரசின் கொள்கையை மாற்ற முயலும் கம்பனி அதனைப் பொறுப்போடும் வெளிப்படையாகவும் செய்தல் வேண்டும் என்பது. எத்தனை சங்கங்களில் அங்கத்துவம், அவற்றுள் முதன்மையான பத்து எவை என்று ஒவ்வொரு கம்பனியும் எழுதிக் காட்டுகின்றது. சங்கம் அமைச்சரிடம் சென்று கேட்டது என்ன என்பதைச் சொல்லுதல் இன்னும் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. பாதிக் கதவு திறந்திருக்கின்றது எனலாம்.

இலங்கையிலோ? கொழும்புப் பங்குச் சந்தையின் பெருங்கம்பனிகள் 2025 ஜனவரி முதலாம் திகதியிலோ அதன் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்குக் காலநிலை இடர்களைக் குறித்து அறிக்கை தருமாறு பட்டயக் கணக்காளர் நிறுவகம் புதிய நியமங்களை விதித்துள்ளது. வெள்ளமும் வறட்சியும் தம் வியாபாரத்தை எவ்வாறு பாதிக்கும், பணிப்பாளர் சபை அதை எவ்வாறு கவனிக்கின்றது என்பன அங்கே வரும். நல்ல தொடக்கமே. ஆனால், காலநிலை நமக்கு என்ன செய்யும் என்று கம்பனி எழுதுகின்றதேயன்றி, காலநிலைச் சட்டத்துக்குத் தான் என்ன செய்தது என்று எழுதுவதற்கு அந்நியமங்களில் தனிக் கேள்வி கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் வர்த்தக சம்மேளனங்கள் தம் முன்மொழிவுகளைத் திறைசேரிக்கு அனுப்புதல் வழக்கம். அவற்றுட் சில பத்திரிகைகளில் வரும். வராதவை எவை என்று கேட்பார் இல்லை.

இவ்விடத்தில் மன்னார்க் காற்றாலைக் கதையைச் சொல்லாமற் செல்ல இயலாது. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது நாட்டுக்கும் உலகுக்கும் நன்மையான காரியம். 2016இற் சம்பூர் நிலக்கரி மின்நிலையத் திட்டம் கைவிடப்பட்டபொழுது கிழக்கு மாகாணத்தார் பலர் மகிழ்ந்தமையும் இத்தகைய தூய மின்சாரத்தை நம்பியே. 2022இல், மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்று மின்சாரத்துக்கான திட்டம், போட்டிக் கேள்விப்பத்திரம் இன்றி இந்தியாவின் அதானி நிறுவனத்துக்கு அளிக்கப்படுவது குறித்துப் பெருஞ்சர்ச்சை எழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் பாராளுமன்றத்தின் கோப் குழு முன்னிலையில், அன்றைய மின்சார சபைத் தலைவர், இந்தியப் பிரதமரின் வற்புறுத்தல் இருப்பதாக ஜனாதிபதி தம்மிடம் கூறினார் என்றார். ஜனாதிபதி அதை மறுத்தார். தலைவர் தம் கூற்றை மீளப் பெற்றுக்கொண்டு பதவியையும் துறந்தார். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தீர்ப்புக் கூற நான் முற்படேன். அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலை கூடுதலா குறைவா என்ற விவாதம் எழுந்தது. பறவைகளின் வலசைப் பாதையைக் காக்கச் சூழலியலார் உயர் நீதிமன்றம் சென்றனர். 2025 பெப்ரவரியில் நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. நல்ல காற்றும் வீணாகி, காலமும் வீணாயிற்று. முதல் நாளே ஆவணங்கள் மேசைமேல் விரிக்கப்பட்டிருப்பின் முடிவு எதுவாயினும் சந்தேகம் இவ்வளவு வளர்ந்திராது. தூய எரிசக்தி என்றால் திரை மறைவிற் பேசலாம் என்ற விதிவிலக்கு இல்லை என்பதற்காகவே இதனை இங்கே எடுத்துரைத்தேன்.

நமக்குப் பங்குச் சந்தையோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். நம்மவரிற் பங்கு வாங்குவோர் சிலரே. அவர்களும் அக்கம்பனி வட்டித் தொழில் செய்கின்றதா, மதுவோடு தொடர்புடையதா என்று கேட்டு, ஹலால் ஹராம் பார்த்து வாங்குவோர். அது நல்ல வழக்கம். அக்கம்பனி எந்தச் சங்கத்துக்குச் சந்தாக் கட்டுகின்றது என்பதையும் அக்கேள்வியோடு சேர்த்துக்கொள்ளலாமே.

ஆனால் பங்கையே காணாத பெருந்தொகையினரும் பங்குதாரர் ஆவர். கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடையில் வேலை செய்யும் இளைஞனையும், சம்மாந்துறை அரிசி ஆலையில் மூடை சுமப்பவனையும், மருதமுனையிற் சம்பளத்துக்கு நெசவு செய்யும் பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். சட்டப்படி நடக்கும் முதலாளியாயின், அவர்கள் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 பங்கும், முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 12 பங்கும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செல்லுதல் வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் எழுந்த அந்நிதியின் பணத்தை முதலீடு செய்வது இலங்கை மத்திய வங்கி. நிதியின் மிகப் பெரும்பகுதி அரச முறிகளிலேயே இருக்கின்றது. சிறு பகுதிதான் கொழும்புக் கம்பனிகளின் பங்குகளில் இருக்கின்றது. ஆயினும், நாட்டின் மிகப் பெரிய சேமநிதியாதலால், அச்சிறு பகுதியே பல கம்பனிகளின் பொதுக்கூட்டங்களில் பொருட்படுத்தத்தக்க வாக்காக நிற்கும். கடற்கரையில் வாழும் ஊழியனின் பணம் கம்பனிக்குச் செல்கின்றது. கம்பனியின் சந்தா சங்கத்துக்குச் செல்கின்றது. சங்கத்தின் சொல் அமைச்சுக்குச் செல்கின்றது. அச்சொல் அவன் கரைக்கு எதிராக இருக்குமாயின், தன் வீட்டைக் கடலுக்குக் கொடுக்கத் தானே சம்பளத்திற் பங்கு கட்டியவனாகின்றான்.

இங்கிலாந்துக் குருமாரின் நிதியும் சுவீடன் தொழிலாளரின் நிதியும் கேட்ட கேள்விகளை நம் சேமலாப நிதியும் கேட்கலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பங்குதாரர் என்ற நிலையே போதும். கேட்கின்றதா என்பதை அறியவும் ஒரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மத்திய வங்கியையும் கட்டுப்படுத்தும். பிரசை எவரும் விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கின்றீர் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு கூறல் வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். வணிக இரகசியம் என்று சிலவற்றை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பொதுநலன் அதனினும் மேலோங்குமாயின் அவ்விலக்கும் நில்லாது.

கேட்க வேண்டியவை மூன்று. சேமலாப நிதி எந்தெந்தக் கம்பனிகளிற் பங்கு வைத்திருக்கின்றது? சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் அது எவ்வாறு வாக்களித்தது? அக்கம்பனிகள் எந்தச் சங்கங்கள் வாயிலாக மின்சாரம், எரிபொருள், கரையோரம் பற்றி அரசிடம் என்ன கேட்டன என்று நிதி எப்பொழுதாயினும் வினவியதுண்டா? விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால் எழுதிக்கொள்ள உதவுதல் தகவல் அலுவலரின் கடமை. கையொப்பத்தை மாத்திரம், மகஜரில் இடுவது போலத் தெளிவாக இடுங்கள்.